வ.உ.சி.யை வக்கீலாகவும் நினைவில் வையுங்கள்: எங்கள் வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் புதிய சுற்றறிக்கையைப் படித்தேன். அதில் இரண்டு முடிவுகள். வ.உ.சி. நினைவு நாளான நவம்பர் 18 அன்று நூலக அறையில் நடந்துவந்த சொற்பொழிவு இந்த ஆண்டு முதல் கிடையாது. செப்டம்பர் 5, பிறந்த நாளன்று படத்துக்கு மாலை போட்டால் போதும். அடுத்தது, சங்க உறுப்பினர் யாராவது காலமானால் இனித் தனியாக இரங்கல் கூட்டம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி போட்டுவிடலாம். வருகை குறைவு, நேரம் இல்லை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள்.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வராததால், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

பார்க்க இவை தனித்தனி முடிவுகளாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு வக்கீல் எப்படி வாழ்ந்தார், அவர் தொழில் நின்றபோது அவர் வீடு என்ன ஆனது என்று கேட்கும் பழக்கத்தையே இரண்டும் சேர்ந்து நம்மிடமிருந்து எடுத்துவிடுகின்றன. வ.உ.சி. வாழ்க்கையில் நாம் படிக்க வேண்டியதும் அதைத்தான்.

நம் சங்க வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸில் எப்போதும் ஒரு கப்பல் இருக்கும், ஒரு செக்கு இருக்கும். கப்பலும் உண்மை, செக்கும் உண்மை. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். சிறையில் செக்கிழுத்தவர் அவர். அதை ஊரே சொல்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் வழக்கறிஞர் சங்கம் என்று பெயர் வைத்திருக்கும் நாம் அவர் போட்ட கறுப்பு அங்கியைப் பற்றி என்ன சொல்கிறோம்? நீதிமன்ற வளாகத்தில் நம்மைத் தவிர வேறு யார் அதைச் சொல்வார்கள்?

அவர் வக்கீல் வீட்டுப் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். கொஞ்ச காலம் தாலுகா ஆபீசில் எழுத்து வேலை பார்த்த மகனை, திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தவர் அந்த அப்பாதான். 1895-ல் ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கிய மகன், வசதியானவர்களுக்காக அப்பா ஆஜரான வழக்குகளில் எதிர்த்தரப்பு ஏழைகளுக்காகவும் நின்றிருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே கோர்ட்டில் எதிரெதிராக நின்று, சாயங்காலம் ஒரே வீட்டுக்குத் திரும்புவதென்றால் லேசான காரியமா? நம்மில் அப்பாவோடும் அண்ணனோடும் தொழில் செய்கிறவர்கள் பலர் இருக்கிறோம். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குத்தான் ஊகிக்கத் தெரியும். அப்புறம் 1900 வாக்கில் தூத்துக்குடிக்குப் போனார். அங்கே தொழில் நன்றாகவே நடந்தது. கப்பல் கம்பெனி அதற்குப் பிறகு வந்ததுதான்.

வீட்டு மனிதராக அவரைப் பற்றிச் சொல்லவும் நிறைய உண்டு. ராமையா தேசிகர் என்ற பார்வையற்ற துறவியை வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். சாதி பார்த்து ஊரும் உறவும் முகம் சுளித்தன. அவருக்குச் சோறு போட்டுப் பணிவிடை செய்தவர் வ.உ.சி.யின் முதல் மனைவி வள்ளியம்மை. அவர் இளம் வயதிலேயே இறந்துபோனார். பிறகு மீனாட்சி அம்மாளை மணந்தார். 1908-ல் கணவர் கைதானபோது அந்த வீட்டைத் தாங்கியவர் மீனாட்சி அம்மாள். நம் ஃபிளெக்ஸில் இந்த இரண்டு பெண்களின் பெயரும் ஒருநாளும் வந்ததில்லை.

1908 மார்ச் 12 அன்று கைது. ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. கடைசிவரை அது தெளியவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. தண்டனையைக் குறைக்க மேல்முறையீடு இருந்தது. தம்பிக்கு நேர்ந்ததற்கு எந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது?

கோயம்புத்தூர் சிறை, கண்ணனூர் சிறை என்று இருந்த காலத்திலும் அவருக்குள் இருந்த வக்கீல் ஓயவில்லை. உள்ளிருந்தபடியே சட்ட மனுக்களை எழுதிக்கொண்டிருந்தார். நாம் நம் ஜூனியர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. அங்கி இல்லை, சனது என்கிற தொழில் உரிமம் இல்லை, மேசை இல்லை. அப்போதும் மனு எழுதும் கை நிற்கவில்லை.

1912 டிசம்பரில் வெளியே வந்தார். வழக்கு நடத்தும் உரிமம் பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. பிறந்த மாவட்டத்தில் வாழவும் வழியில்லாமல், மனைவி மக்களோடு சென்னையில் குடியேறினார். மளிகை விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டித் தந்த பணத்தைக் கேட்டு காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. அந்தக் கடிதங்களில் இருப்பவர் ஒரு குடும்பத் தலைவர். அரிசிக்கும் வாடகைக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒரு தகப்பன். சுயமரியாதையை விடாமல், ஆனால் தேவையை மறைக்கவும் முடியாமல் கேட்கிறார்.

ஒரு வக்கீலிடமிருந்து சனதைப் பிடுங்கினால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. பிற்பாடு ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அந்த உரிமத்தைத் திருப்பித் தந்தார். அந்த நன்றிக்குத் தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கிலேய அரசை எதிர்த்துத் தன் வாழ்க்கையையே தொலைத்தவர், ஓர் ஆங்கிலேயர் பெயரைத் தன் பிள்ளைக்கு இடுகிறார் என்றால், தொழில் திரும்பக் கிடைத்தது அவருக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்க வேண்டும்! கோவில்பட்டியில் மறுபடி வழக்கு நடத்தினார். கடன் மட்டும் தீரவில்லை. கடைசிக் காலத்தில் தன் சட்டப் புத்தகங்களையே விற்று வீட்டை ஓட்டியிருக்கிறார்.

சட்டப் புத்தகத்தை விற்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓரத்தில் நம் கையெழுத்தில் குறிப்பு இருக்கும். எந்தத் தீர்ப்பு எந்தப் பக்கத்தில் என்று விரலுக்குத் தெரியும். அதை எடைக்கோ பாதி விலைக்கோ இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். 1936 நவம்பர் 18 அன்று, அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

இவ்வளவும் எனக்கு எங்கிருந்து தெரியும்? நீங்கள் நிறுத்திவிட்ட அந்தச் சொற்பொழிவுகளிலிருந்துதான். பள்ளியில் இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜூனியராகச் சேர்ந்த புதிதில், பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மூத்த வக்கீல் 1908 வழக்கைச் சாட்சி சாட்சியாகப் பிரித்து, எங்கே குறுக்கு விசாரணை பலித்தது, எங்கே நீதிபதி முன்முடிவோடு நடந்தார் என்று விளக்கினார். ராஜத்துரோகப் பிரிவான 124ஏ பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது, எங்கள் அறையில் இருந்த ஜூனியர்களுக்கு அது வெறும் செய்தியாக இல்லை. அந்தப் பிரிவில் யார் உள்ளே போனார், அவர் வீடு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் குறைவு என்கிறீர்கள். குறைவுதான். ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். சட்டக் கல்லூரியில் கிடைக்காத ஒன்று அவர்களுக்கு அங்கே கிடைத்தது.

இனி இரண்டாவது முடிவு. இதைப் பற்றிப் பேச எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. போன ஆண்டு என் சீனியர் காலமானார். உங்களில் பலருக்கு அவரை நன்றாகத் தெரியும் என்பதால் பெயர் எழுதவில்லை. சிவில் வழக்குகள்தான் அதிகம் நடத்தினார். பாகப் பிரிவினை, வழித்தட வழக்கு, வாடகை வழக்கு. பேப்பரில் பெயர் வரும்படி எதுவும் செய்ததில்லை. அண்ணன் தம்பி வழக்கு என்று யாராவது வந்தால் உடனே வக்காலத்தில் கையெழுத்து வாங்கமாட்டார். "இன்னொரு தடவை பேசிப் பாத்துட்டு வாங்க. அப்பவும் முடியலைன்னா நான் இருக்கேன்" என்று அனுப்புவார். பீஸ் போகிறதே என்று குமாஸ்தா முனகுவார். பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். அதில் சாருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் இறந்த பிறகு அவருடைய கோர்ட் டைரியை நான்தான் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் நேராக வழக்கு எண், எந்த நீதிமன்றம், எதற்கு வாய்தா என்று பொடி எழுத்தில் இருந்தது. அதே பக்கத்தின் ஓரத்தில், அதே பேனாவில், 'சின்னவளுக்குக் கண்ணாடி', 'அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை', 'இவளைக் கண் டாக்டரிடம் 5 மணி'. ஒரு பக்கம் விடாமல் அப்படித்தான். வழக்கையும் வீட்டையும் அவர் இரண்டு டைரியில் வைக்கவில்லை. வாதம் முடிந்து வரும்போது வழக்குக் கட்டைத் தூக்க ஜூனியர்கள் நாங்கள் இருந்தோம். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க மட்டும் அவர் யாரையும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வழக்குக் கொடுத்த எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் திங்கள் வரச் சொல்லிவிடுவார். அது தன் மகள்களோடு இருக்கும் நேரம்.

அவருக்கு நம் சங்கம் நடத்திய இரங்கல் கூட்டம் சரியாக ஒரு தீர்மானம், இரண்டு நிமிட மௌனம். குடும்பத்தை அழைக்கவில்லை. தீர்மானத்தின் நகலைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பெரிய பெண் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா கோர்ட்ல எப்படிப் பேசுவாங்கன்னு யாராவது எங்களுக்குச் சொல்லுவாங்களா அக்கா?" ஓர் ஆயுள் முழுக்க அவர் செய்த வேலையை அவர் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்தவர்கள் நாம்தான். இப்போது அந்த இரண்டு நிமிடத்தையும் எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்களாக மாற்றப் போகிறீர்கள்.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதி என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வக்கீல் இறந்தால், வழக்கு நடத்தக் கட்சிக்காரர் அவருக்குக் கொடுத்த வக்காலத்து அத்தோடு முடிந்தது. ஆனால் வழக்குப் பட்டியல் நிற்காது. அடுத்த திங்கட்கிழமை வழக்கைக் கூப்பிடுவார்கள். எழுந்து நிற்க ஆள் இருக்காது. கட்சிக்காரருக்குத் தன் வக்கீல் இறந்த செய்தியே போயிருக்காது. ஆஜர் இல்லை என்று தள்ளுபடி ஆகும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகும். சாரின் வழக்குகளில் அப்படி ஆனதைத் திருப்ப நானும் இன்னொரு ஜூனியரும் மனு மேல் மனு போட்டோம். அந்த நாட்களில் கட்சிக்காரர்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள். கட்டைக் கொடுங்கள், அசல் கிரயப் பத்திரம் உள்ளே இருக்கிறது என்று காரியம்கூட முடியாத வீட்டின் வாசலில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் சொத்து அது. சாரின் மனைவி எந்தக் கட்டு யாருடையது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார். சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

இறந்த வக்கீலின் குடும்பத்துக்குப் பணம் தரும் சேமநல நிதி விஷயத்திலும் அதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு வக்காலத்திலும் அதற்கென்று ஸ்டாம்ப் ஒட்டுகிறோம். வாழ்நாள் முழுக்க ஸ்டாம்ப் ஒட்டியவரின் குடும்பம், எந்தப் படிவம், எந்தச் சான்று, யாரிடம் கையெழுத்து என்று தெரியாமல் அலைந்தது. இறப்புச் சான்று வாங்கிக்கொண்டு வந்தால் வாரிசுச் சான்று எங்கே என்றார்கள். அதையும் கொண்டு வந்தால் சங்கத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். சங்க அலுவலகத்தில் செயலாளர் ஊரில் இல்லை என்றார்கள். சட்டம் தெரிந்தவர்கள் நிறைந்த ஒரு வளாகத்தில், ஒரு வக்கீலின் மனைவி ஒரு கடிதத்துக்காக மரத்தடி பெஞ்சில் காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

வ.உ.சி.யின் சனது பறிபோன பிறகு அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறோம். அன்று அவரோடு தொழில் செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி நம்மைப் பார்த்தும் கேட்கப்படும். நம் வளாகத்தில் இறந்துபோன, படுத்துவிட்ட, வருமானம் நின்றுபோன வக்கீல்களின் வீடுகள் உண்டு. அவர் படத்துக்கு மாலை போடுவதால் அந்த வீடுகளில் ஒன்றும் மாறாது. அவர் கதையை ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து கேட்டால், அதில் ஒருவராவது எழுந்து அந்த வீட்டுக்குப் போவார். இது என் நம்பிக்கை. அந்தச் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த ஜூனியர்கள்தான் சாரின் கட்டுகளைத் தூக்க என்னோடு வந்தார்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. நிர்வாகப் பொறுப்பு எவ்வளவு பாரம் என்று தெரியும். சேம்பர் பிரச்சினை, பார்க்கிங், புறக்கணிப்புத் தீர்மானங்கள் என்று உங்கள் நேரம் போகிறது. ஆனாலும் ஒரு சங்கம் எதற்கு இருக்கிறது என்று பார்த்தால், இவை அத்தனைக்கும் முன்னால் இது வருகிறது.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். சுற்றறிக்கையின் இரண்டு முடிவுகளையும் நவம்பருக்கு முன்பே திரும்பப் பெறுங்கள். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் பொதுக்குழுவைக் கூட்டி வாக்கெடுப்புக்கு விடுங்கள். செயற்குழுவே முடித்துவிட வேண்டிய விஷயம் இல்லை இது. நவம்பர் 18 சொற்பொழிவைக் கோர்ட் நேரம் முடிந்து நடத்துங்கள். கூட்டம் வரவில்லை என்றால் பேச ஜூனியர்களையே கூப்பிடுங்கள். பின்ஹேயின் தீர்ப்பையும் மேல்முறையீட்டுத் தீர்ப்பையும் படித்து வாதிட இரண்டு அணி கொடுங்கள், அறை நிரம்புகிறதா இல்லையா என்று பாருங்கள். நூலகத்தில் வ.உ.சி. எழுதியவற்றுக்கும் அவரைப் பற்றியவற்றுக்கும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். புத்தகச் செலவில் என் பங்கைத் தருகிறேன். ஃபிளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்றால், கப்பலோடு வள்ளியம்மை, மீனாட்சி அம்மாள் பெயர்களும் அதில் வரட்டும்.

உறுப்பினர் யார் இறந்தாலும், அவர் பெரிய சீனியரோ நேற்றுப் பதிவு செய்தவரோ, ஒரு வாரத்துக்குள் குடும்பத்தை முன்வரிசையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்துங்கள். அவர் எப்படி வாதாடினார் என்று உடன் நின்றவர்கள் பேச வேண்டும். பேசியதை எழுதி, சங்க முத்திரையோடு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை இப்போதே அமையுங்கள். இறந்தவரின் வழக்குப் பட்டியலை மறுநாளே எடுப்பது, அந்தந்த நீதிமன்றத்தில் சொல்லி வாய்தா வாங்குவது, கட்சிக்காரர்களுக்குத் தகவல் சொல்வது, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுகளை ஒப்படைப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. சேமநல நிதிப் படிவத்தையும் அந்தக் குழுவே வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பட்டும். சங்கத்தின் கடிதத்துக்காக எந்த வக்கீலின் மனைவியும் கணவனும் பிள்ளையும் இனிமேல் இந்த வளாகத்துக்கு வந்து காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. என் சீனியர் வீட்டுப் பீரோவில் இன்னும் சில கட்டுகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றில் யார் யாருடைய அசல் பத்திரங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு ஒப்படைக்க, சங்கத்தின் சார்பில் ஒருவரை இந்த வாரமே நியமியுங்கள். யாரை நியமித்தாலும் நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர், சிவில் வழக்கறிஞர்